தையலுக்குள் விட்ட துணி

எங்கள் தையற்கடைக்குப் பழைய துணி கொண்டுவருகிறவர்களிடம், "வெட்டலாமோ?" என்று கேட்பேன். ஓம் என்பார்கள். துணியை உதறி, அவர்கள் கண்முன்னால் மேசையில் விரித்துவிட்டுத் திரும்பவும் கேட்பேன். என்னோடு தைக்கிற பெண்கள் இரண்டு பேருக்கும் இது பெரிய பகிடி. எனக்குப் பின்னால் என்னை "வெட்டலாமோ அக்கா" என்றுதான் சொல்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள் தாயின் சேலைகளைக் கொண்டுவந்து தந்து, போர்வையாக, கைப்பையாக, பிறந்த குழந்தைக்குக் கொடுக்கும் சின்னத் தலையணையாகத் தைத்துத் தரச் சொல்வார்கள். முல்லைத்தீவில் இப்போது எங்கள் அடுப்பு எரிவது இந்த வேலையால்தான். துணியை வெட்டத்தானே கொண்டுவருகிறார்கள், அதற்குமேல் என்ன கேள்வி என்று நீங்களும் நினைக்கலாம்.

போன கிழமை என் மகன் தன்னுடைய சேட்டுகளை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டுவந்து மெசினுக்குப் பக்கத்தில் வைத்தான். அடுத்த மாதம் கட்டாருக்கு வேலைக்குப் போகிறான். "இதெல்லாம் கொண்டுபோகேலாதம்மா, பாரம் கூடீடும். வெட்டி ஒரு போர்வை தையுங்கோ" என்றான். நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். ஓம் என்றான். விரித்துக் காட்டித் திரும்பக் கேட்டேன். "ஐயோ அம்மா, ஓம் ஓம்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். அந்தக் கட்டு அங்கேயே கிடக்கிறது. கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் எனக்கு உப்பளத்து மாமியின் முகம்தான் வருகிறது. அவரைப் பற்றி நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. என் வயதுக்காரரான உங்களுக்குச் சொன்னால் விளங்கும்.

அந்த மாரியை நீங்களும் எங்கேயாவது ஒரு கொட்டிலில் கழித்திருப்பீர்கள். சண்டைக்கு இடம்பெயர்ந்து, கடற்கரையை விட்டு உள்ளே போய், காட்டோரத்தில் கிடுகு மேய்ந்து இருந்த காலம். ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கு. மரத்துக்குக் கீழே பள்ளிக்கூடம். மழை பெய்தால் பள்ளிக்கூடம் இல்லை. மலேரியா வராத கொட்டில் இல்லை. கசப்புக் குளிசையை விழுங்கிவிட்டு, காது இரைய இரையக் கிடந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எனக்கு அப்போது பத்து வயது.

அப்பா கடல் தெரிந்தவர். தரையில் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கூலிக்குப் போய்ப் புல்லுப் பிடுங்கிவிட்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வருவார். அம்மாவிடம் கையால் சுற்றுகிற ஒரு தையல் மெசின் இருந்தது. முல்லைத்தீவிலிருந்து வெளிக்கிடும்போது வேறு எதையும் எடுக்காமல், அதைத்தான் இரண்டு தலையணைக்கு நடுவில் வைத்துச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். அது கறுப்பு மெசின். பொன் நிறப் பூக்கள் தேய்ந்து, கை படும் இடத்தில் இரும்பு வெள்ளையாகத் தெரியும்.

பக்கத்துக் கொட்டிலில் ஒரு குழந்தை பிறந்தது. சுற்றிப் பிடிக்க நல்ல துணி இல்லை. அம்மா பழைய சாரம், நைந்த சேலை, உள்ளே இன்னொரு சேலை என்று அடுக்கி, மேலே சின்னச் சதுரங்களாக ஒட்டித் தைத்து ஒரு போர்வை செய்து கொடுத்தார். அதைப் பார்த்து இன்னொருத்தி கேட்டாள். மாரி தொடங்கியபோது எங்கள் கொட்டில் வாசலில் துணிக்கட்டுகள் குவிந்துவிட்டன. போர்வை, இலவம்பஞ்சுத் தலையணை, தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கைப்பை. கூலியாக அரிசி வரும், முட்டை வரும், ஒரு தரம் உயிரோடு ஒரு கோழி வந்தது.

நூல் கிடையாது. மாவு மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலை அறுந்துபோகாமல் இழுத்தெடுத்துச் சுற்றுவது என் வேலை. துணியில் கோடு போடச் சோக்கட்டிக்குப் பதில் உடைந்த சுவரின் சாந்துத் துண்டு. மெசினுக்குத் தேங்காய் எண்ணெய். அது கொஞ்ச நாளில் பிசினாக இறுகி, சக்கரம் முனகும். அம்மா தைப்பார். சின்னம்மா வெட்டுவார். சின்னம்மா அம்மாவின் தங்கச்சி, வாய் கூடியவர்.

"அக்கா, இந்த மெசின் உன்ரை மனிசனை விட நல்லா உழைக்குது" என்பார், அப்பா கேட்கவேண்டும் என்றே.

"அதுக்குச் சோறு போடத் தேவையில்லையே" என்று அப்பா வெளியே இருந்து சொல்வார். சின்னம்மாவுக்குத்தான் சிரிப்பு முதலில் வரும்.

எங்கள் கொட்டிலில் சொல்லாமலே ஒரு வழக்கம் வந்துவிட்டது. துணி கொண்டுவருகிறவர்களிடம் அது யாருடையது என்று கேட்கக் கூடாது. ஒருத்தி ஆண்பிள்ளையின் சேட்டைக் கொண்டுவந்து வைத்தால், அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி மடித்து, "கிழமை முடியத் தாறன்" என்பார். அவ்வளவுதான். கேட்டால் அவள் தன் வாயால் சொல்லவேண்டி வரும். அதைச் சொல்லவைக்கிற பாவம் எங்களுக்கு வேண்டாம் என்பது அம்மாவின் எண்ணம். அதைப் பெரிய மரியாதை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

உப்பளத்து மாமியின் கொட்டில் எங்களுக்கு அங்காலே இருந்தது. மாமி எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை. ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்த குடும்பம், அதனால் அந்தப் பெயர். மாமியின் உள்ளங்காலில் உப்புத் தின்ற வெடிப்புகள் வெள்ளைக் கோடுகளாக இருக்கும். கணவர் முன்னமே இறந்துவிட்டார். ஒரே மகன். மாமி அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். பதினாறு வயதில், சாமான் எடுத்துவர வவுனியாப் பக்கம் போன ஆட்களோடு சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. கூடப் போனவர்களும் வரவில்லை. அது நடந்து இரண்டு வருடம். மாமியின் கொட்டிலைத் தாங்கும் மரக் கப்பில் அவன் உயரத்துக்கு ஒரு கரிக்கோடு இருந்தது. போவதற்குக் கொஞ்ச நாள் முதல் கீறியது.

மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் மாமி ஒரு துவாயில் கட்டிய பொதியோடு வந்தார். வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். மாமி பொதியை அம்மாவின் மடியில் வைத்தார்.

"தம்பியின்ரை சேட்டுகள் பிள்ளை. இப்ப சனமாக் கிடக்கு. நான் ஆறுதலா வந்து கதைக்கிறன்."

"ஓம் அக்கா, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றார் அம்மா. மாமி போனதும் அம்மாவும் சின்னம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "கடைசியிலை மனிசி மனசைத் தேற்றீட்டுது" என்றார்.

சொன்னபடி ஆறுதலாக, நேரமெடுத்துக் கதைக்க மாமி வரவில்லை. அடுத்த நாளே காய்ச்சல் தொடங்கிவிட்டது. குளிரில் அவர் நடுங்க, கட்டிலின் கயிறு கிறீச்சிடுவது எங்கள் குசினிவரை கேட்டது. மேலே மூட இருந்தது ஒரு சாக்கும் ஒரு சேலையும். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து நேரே அந்தப் பொதியை அவிழ்த்தார்.

"அவன்ரை சேட்டாலையே மூடுவம். அதுக்குத்தானே தந்தவா."

"கேக்காமலோ?" என்றார் சின்னம்மா.

"எப்பிடியடி கேக்கிறது? காய்ச்சலிலை கிடக்கிற மனிசியிட்டைப் போய், உன்ரை பிள்ளையின்ரை உடுப்பை வெட்டட்டோ எண்டோ?"

சின்னம்மா சேட்டுகளை ஒவ்வொன்றாக உதறினார். மடிப்புகளுக்குள்ளிருந்து வேப்பிலைகள் பாயில் கொட்டின. பூச்சி அரிக்காமல் இருக்க வைத்தவை. என்னைக் கூட்டச் சொன்னார்கள். நான் அள்ளியபோது சில இலைகள் இன்னும் பச்சையாக, வளைந்துகொடுக்கும் பதத்தில் இருந்தன. அன்றைக்கு அது எனக்கு வெறும் குப்பை. இப்போது நினைக்கிறேன்: கைவிட்ட துணிக்கு யாரும் வேப்பிலை மாற்றிவைப்பதில்லை. பெரியவர்கள் இரண்டு பேர் அந்த இலைகளுக்கு நடுவில் இருந்தார்கள். அவர்கள் கண்ணிலும் அது படவில்லை.

வெள்ளைப் பள்ளிக்கூடச் சேட்டு. நீலக் கட்டம் போட்டது. மண்நிறக் கோடு போட்டது. பொத்தானை யாரோ சிவப்பு நூலால் தைத்திருந்த ஒரு பச்சை. வாசனை, புகையும் வேப்பிலையும் ஆண்பிள்ளைத் தலை எண்ணெயும். சின்னம்மா வெட்ட வெட்ட, சதுரங்களை நான் பாயில் வரிசையாக அடுக்கினேன். பாக்கெட் இருந்த துண்டை நடுவில் வைக்கச் சொன்னார் அம்மா. இரண்டே நாளில் தைத்து முடித்தார்கள். அம்மா அவ்வளவு வேகமாகத் தைத்து நான் கண்டதில்லை.

போர்த்தியபோது மாமிக்கு நினைவில்லை. ஆனால் கை தானாகவே அதை இழுத்துக் கழுத்தடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அம்மாவைப் புகழ்ந்தார்கள். "மகனே வந்து கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடக்கிற மாதிரி இருக்குப் பிள்ளை" என்று ஒரு கிழவி சொன்னாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குச் சந்தோசம். அதை நான் குறை சொல்லமாட்டேன். அந்த மாரியில் அம்மா முகத்தில் அப்படி ஒன்று வந்தது அபூர்வம்.

காய்ச்சல் விட்ட காலையில் நான்தான் கஞ்சி கொண்டுபோனேன். மாமி எழும்பி உட்கார்ந்திருந்தார். மடியில் போர்வை.

"இதென்ன பிள்ளை?"

"போர்வை மாமி. அம்மா தைச்சவா."

மாமி விரலால் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போனார். பச்சைத் துண்டில் சிவப்பு நூல் அகப்பட்டதும் விரல் நின்றது.

"தம்பியின்ரை சேட்டுகள் எங்கை?"

காய்ச்சல் இன்னும் விடவில்லையாக்கும் என்று நினைத்தேன். "இதுதான் மாமி" என்று மடியைக் காட்டினேன்.

அவர் கஞ்சியைக் குடிக்கவில்லை. போர்வையை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கப்பைப் பிடித்து எழும்பி, தூறலில் எங்கள் கொட்டிலுக்கு நடந்து வந்தார். நான் கஞ்சிக் கோப்பையோடு பின்னால் வந்தேன். அம்மா மெசினில் இருந்தார். எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டார். மாமி இருக்கவில்லை.

"பிள்ளை, நான் பெருப்பிக்கத்தானே தந்தனான்."

அம்மாவுக்கு விளங்கவில்லை.

"ரெண்டு வருசம். இப்ப தோள் அகண்டிருக்கும் அவனுக்கு. தையலைப் பிரிச்சுப் பக்கத்தாலை துண்டு வைச்சுத் தருவாய் எண்டு நினைச்சன். வந்தவுடனை போட ஒண்டும் இல்லாமலெல்லோ நிக்கப்போறான்."

சின்னம்மாவின் கையில் கத்தரிக்கோல் திறந்தபடி நின்றது.

"அக்கா, நான் நினைச்சன்..." என்று அம்மா தொடங்கினார்.

"அவன் செத்துப்போனான் எண்டு நினைச்சிட்டாய்." மாமி கத்தவில்லை. "எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம். எனக்குத் தெரியும். நீ ஒருக்காக் கேட்டிருக்கலாம் பிள்ளை. கேட்டிருந்தா, இல்லையெண்டு சொல்லியிருப்பன்."

பிறகு அம்மா மாமியின் தோளிலிருந்து போர்வையை எடுத்துப் பாயில் விரித்து, பிளேட்டை எடுத்துத் தையலைப் பிரிக்கத் தொடங்கினார். சின்னம்மா மற்ற மூலையில் குந்தினார். மாமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் குந்தி, நகத்தால் நூலை இழுத்தார்.

எல்லாச் சேட்டையும் திரும்பக் கட்டமுடியாது. வெட்டிய துணி வெட்டியதுதான். ஒன்றையாவது செய்வோம் என்றார் அம்மா. எந்தத் துண்டு எந்தச் சேட்டின் எந்தப் பக்கம் என்பது எனக்குத்தான் தெரியும், அடுக்கினவள் நான். முதுகு, முன்பக்கம், கைமடிப்பு என்று எடுத்துக்கொடுத்தேன். நீலக் கட்டமும் வெள்ளையும் சேர்த்தால் முதுகுக்குக் காணும். அளவு?

"இவரைக் கூப்பிட்டு நிப்பாட்டி அளப்பமோ?" என்று அம்மா அப்பாவைச் சொன்னார்.

"உன்ரை மனிசன் கட்டை. தம்பி நெட்டையெல்லே" என்றார் மாமி. அந்த நிலையிலும் சின்னம்மாவுக்கு மூக்கால் ஒரு சிரிப்பு வந்துவிட்டது.

அதனால் எல்லாரும் மாமியின் கொட்டிலுக்குப் போனோம். மாமி கப்புக்குப் பக்கத்தில் நின்று, கரிக்கோட்டுக்கு மேலே கையை உயர்த்தினார். கொஞ்சம் யோசித்து, இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். "இப்ப இவ்வளவு இருப்பான்." அம்மா அந்தக் கையிலிருந்து நிலம்வரை அளவுநாடாவைப் பிடித்தார். பிறகு தோள். மாமி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, எதிரே நிற்கிற ஒருவனின் தோள்களைப் பிடிப்பதுபோல் அகட்டி வைத்தார். அம்மா அந்தக் கைகளுக்கு நடுவில், ஒன்றும் இல்லாத இடத்தில், நாடாவை இழுத்துப் பிடித்து அளந்தார். நாடா ஆடக்கூடாது என்று நடுவில் என்னைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

சேட்டுத் தைக்கும்போது அம்மா இரண்டு பக்கத்துத் தையலுக்கும் உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை மிச்சம் விட்டார். துண்டு துண்டாக ஒட்டிய துணியில் அப்படி விடுவது கஷ்டம். தடித்துக் குத்தும்.

"ஏனம்மா இவ்வளவு உள்ளுக்கு விடுறியள்?" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்காமல், மாமிக்குக் கேட்கும்படி சொன்னார்: "அவன் இன்னும் வளருவானெல்லே."

மாமி அப்போதுதான் அழுதார்.

அதற்குப் பிறகு மாமி ஒவ்வொரு மாரிக்கும் அந்தச் சேட்டைக் கொண்டுவருவார். "இப்ப இன்னும் கொஞ்சம் பெருத்திருப்பான்" என்பார். அம்மா தையலைப் பிரித்து, ஒரு நூலளவுதான் தளர்த்துவார். கூட விட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடுமே. நான் பெரியபிள்ளையானேன், படித்தேன், கலியாணம் முடித்தேன், எனக்கு மகன் பிறந்தான். ஊர்கள் மாறின, கொட்டில்கள் மாறின. மாமி எங்கே இருந்தாலும் எங்களைத் தேடிக்கொண்டு வந்துவிடுவார்.

சண்டையின் கடைசி மாதங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முள்ளிவாய்க்கால் மணலில் தறப்பாளுக்குக் கீழே அதே மெசினை வைத்துக்கொண்டு அம்மா மண்மூட்டைகள் தைத்தார். பதுங்குகுழிக்கு மேலே அடுக்கச் சாக்கு இல்லாமல் சனம் சேலைகளைத்தான் கொண்டுவந்தது. பட்டுச் சேலை, கூறைச் சேலை. அன்றைக்கும் யாரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னுடைய கலியாணக் கூறையிலும் மண் நிரப்பினோம். மூன்று வயது மகனை அதற்குப் பின்னால்தான் படுக்கவைத்தேன்.

மாமி தன் சேலைகளோடு அங்கே வந்தார். உடுத்திருந்த சேலைக்கு மேலே அந்தச் சேட்டைப் போட்டிருந்தார். நீலக் கட்டம் கிட்டத்தட்ட வெளுத்துவிட்டது. சேலைகளை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சேட்டின் ஓரத்தைப் பிடித்துக் காட்டினார்.

"இனியும் விரியுமோ பிள்ளை? முப்பது வயசு தாண்டீட்டுதெல்லே அவனுக்கு."

அம்மா ஓரத்தை உட்புறம் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்து நானும் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. தையல் துணியின் கடைசி நூலில் நின்றது.

"ஓம் அக்கா, கிடக்கு" என்றார் அம்மா. "இஞ்சையிருந்து போனாப்பிறகு செய்து தாறன்."

"சரி பிள்ளை" என்று சொல்லிவிட்டு மாமி போனார். பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை. முகாமில் கேட்டோம். திரும்பி வந்தபிறகும் கேட்டோம். மெசின் அந்த மணலிலேயே விடுபட்டுப்போனது. அம்மாவும் இப்போது இல்லை. சாகும்வரை அவர் மாமியை "போயிட்டா" என்று சொல்லவில்லை. "காணேல்லை" என்றுதான் சொன்னார்.

இதை எழுதத் தொடங்கிய மறுநாள் காலையில் மகனின் கட்டை அவிழ்த்தேன். ஒரு சேட்டை எடுத்து, ஓரத்தை உட்புறம் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவதையும் பார்த்தேன். எல்லாம் கடையில் வாங்கியவை. உள்ளே தையலுக்கு அங்கால் துணியே இல்லை, மெசின் ஒட்ட நறுக்கிவிட்டிருக்கிறது. திரும்ப மடித்து அலுமாரியில் வைத்தேன். பிறகு பஸ் ஏறிப் புதுக்குடியிருப்புக்குப் போய் நல்ல நீலத் துணியாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

நேற்று அதை ஒரு சேட்டாகத் தைத்து முடித்தேன். மகன் போட்டுப் பார்த்தான். கையை உயர்த்தினான், இறக்கினான், பக்கத்தைத் தடவினான்.

"அம்மா, உள்ளுக்கு என்ன இவ்வளவு துணி? குத்துது."

"கிடக்கட்டும். நீ வளருவாய்."

"எனக்கு இருபது வயசம்மா. இனி எங்கை வளர?"

"தோள் அகலும்" என்றேன். "லீவிலை வரேக்கை கொண்டா. பிரிச்சு விட்டுத் தாறன்."